இரண்டாவது எலுமிச்சை

ஒரு விடுகதை போடுகிறேன், அவசரப்படாமல் யோசியுங்கள். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. போகும்போதும் மேலே போகும், திரும்பும்போதும் மேலேதான் போகும். அது என்ன?

புகை என்று சொல்ல வாயெடுத்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், புகைமேல் யாரும் உட்கார முடியாது. விலைவாசி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் எல்லா விடுகதைக்கும் அதையேதான் சொல்வார்கள். ஊஞ்சல் என்றவர் கிட்டத்தில் வந்துவிட்டார், ஆனால் ஊஞ்சல் கீழேயும் வரும். தேக்குமுடி மலைப்பாதையில் குடியிருப்பவர்களிடம் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள், டீயை ஆற்றிக்கொண்டே, "அறவாழியோட கார்" என்பார்கள்.

அறவாழி மலைக்குக் கீழே ஆனைத்தடம் என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தார். அந்தக் கார் அவர் பிறப்பதற்கு முன்பே ஓடி ஓய்ந்தது. செம்பருத்தி நிறம், படகு மாதிரி நீண்ட முன்பக்கம், சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி போட்ட சக்கரங்கள், மழை வந்தால் விரித்து மாட்டவேண்டிய துணிக்கூரை, பந்தயத்துக்கென்றே செய்தது என்பதால் இரண்டே இருக்கை. பழைய இரும்புக் கடை ஒன்றில், ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்க, அது கிடந்தது. கோழி குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, அறவாழி அதை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கிடைக்காத பாகங்களையெல்லாம் தானே கடைந்தார். அவர் கடையும்போது விளக்கு பிடித்தது, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது, எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற சோக்கு அறுந்துபோனபோது அதற்குப் புதுக் கம்பி இழுத்துக் கட்டியது எல்லாம் அவருடைய மனைவி கமலவேணி.

பிறகு ஒரு வருஷமாக அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். அறவாழி பட்டறையின் பின்னறைக்குக் குடிபோனார். கமலவேணி வீட்டிலேயே இருந்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு தெருக்கள், அந்தத் தெருக்களில் காலையும் மாலையும் அவர்களுடைய மகள் நறுமுகை. ஐந்தாம் வகுப்பு. கேஸ் தீர்ந்துவிட்டதென்று அப்பாவிடம் சொல்வாள், நாளைக்கு வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்வாள். "அந்த மனுசன்கிட்டச் சொல்லு" என்று அம்மா ஆரம்பித்தது அப்பாவிடம் போய்ச் சேரும்போது "அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று ஆகியிருக்கும். "உங்கம்மாளுக்கு வேற வேலை இல்லையா" என்று அப்பா முணுமுணுத்தது அம்மாவிடம் வரவே வராது. கோபத்தை வழியில் இறக்கிவைத்துவிட்டுச் செய்தியை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பாள். இறக்கிவைத்த கோபமோ எங்கும் போகாமல் அவளிடமே தங்கியது. சில நாள் சாப்பாடுகூட இறங்காது. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அவர்கள் இருவரும் அவளைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவேண்டும். சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

காலாண்டு விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை அறவாழி காரைத் துடைத்து வெளியே எடுத்தார். மகளை உட்காரவைத்து, மலையின் அத்தனை வளைவுகளும் ஏறி, உச்சியில் இருக்கும் முகட்டூருக்குப் போய்வர ஆசை. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்குள் பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லும்படி கமலவேணி மகளிடம் சொல்லி அனுப்பினார். சரி என்று சொல்லும்படி அறவாழியும் மகளிடமே சொன்னார்.

தேக்குமுடியின் முதல் வளைவில் ஒரு முனி இருக்கிறார். கூரை கிடையாது, மலைவேம்பின் நிழல்தான். அரசுப் பேருந்தானாலும் தேயிலை லாரியானாலும் கல்யாண வேனானாலும் அங்கே நிற்காமல் ஏறுவதில்லை. பக்கத்திலேயே கடை போட்டிருக்கும் பாவாத்தாளிடம் இரண்டு எலுமிச்சை வாங்கவேண்டும். ஒன்றை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, "ஏத்தி விடு முனி" என்று சொல்லி நசுக்கி நகரவேண்டும். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய், இரண்டாவதை முனியின் காலடியில் வைத்து, "இறக்கி விடு முனி" என்று சொல்லவேண்டும். ஏற்றிவிடுவது ஒரு வேலை, இறக்கிவிடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே எலுமிச்சையில் முனி சேர்த்துக்கொள்வதில்லை.

அறவாழி முதல் எலுமிச்சையை நசுக்கினார், ஏத்தி விடு முனி என்றார், நிறுத்தாமல் போய்விட்டார். பாவாத்தாள் பின்னாலிருந்து, "இன்னொண்ணு வெக்கலீங்களே" என்று கூப்பிட்டார். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி பிடிக்காது என்பதுபோல் அறவாழி கையை மட்டும் ஆட்டினார். நறுமுகை திரும்பிப் பார்த்து, "இறக்கி விடு முனி" என்று தன் பங்குக்கு வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது எலுமிச்சை டேஷ்போர்டின் குழியில் அப்படியும் இப்படியும் உருண்டுகொண்டே மலையேறியது.

ஏறியது நன்றாகத்தான் ஏறியது. இரண்டாம் கியரில் கார் ஒரு பெரிய வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு திரும்ப, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆனைத்தடம் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்து, முதலில் ஊராகவும் பிறகு கோலமாகவும் பிறகு யாரோ துடைத்துவிட்டுப்போன இடமாகவும் ஆனது. எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் பம்பு சூடேறிச் சோர்ந்துபோனால் ஈரத்துணி சுற்றவேண்டும். அது நறுமுகையின் வேலை. நிற்கிற இடத்தில் எல்லாம் இறங்கித் துணியை நனைத்துப் பிழிந்து சுற்றினாள். வழியில் பிலோமினாவின் டீக்கடை வாசலில் ரேடியேட்டர் கொதித்தது, தண்ணீர் ஊற்றினார்கள், டீ குடித்தார்கள். முகட்டூரில் இரண்டு நாள் தங்கி, மேகத்துக்குள் நின்று வேர்க்கடலை தின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இறங்கப் புறப்பட்டார்கள். முகட்டூர் எல்லைக்கல்லைத் தாண்டியதும் ஒரு மூடுபனி வந்தது. பனி விலகியபோது கார் இரண்டாம் வளைவில், முனியின் மலைவேம்புக்குச் சற்று மேலே, மூக்கை மலைப்பக்கம் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. அறவாழி நிறுத்தினார், காரைத் திருப்பினார். திருப்பிய பக்கமும் சாலை ஏறியது. காரின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமெல்லாம் சாலை ஏறியது. இறங்கி நடந்து பார்த்தார். கீழ்நோக்கி நடந்தவர் கொஞ்ச நேரத்தில் மூச்சுவாங்க மேல்பக்கத்து வளைவில் நின்றார். நறுமுகை நடந்து பார்த்தாள். அவள் காலுக்குக் கீழே சாலை ஒழுங்காக இறங்கியது. முனியிடம் பாதி மட்டும் கேட்டவர் அப்பாதானே. இரண்டாவதையும் அவரே போய் வைத்தால்தான் செல்லும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அப்ப நீ பஸ்ல போயிரு கண்ணு" என்றார் அறவாழி.

"பம்புக்குத் துணி யாரு சுத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு நறுமுகை தன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அந்தக் கார் மலையேறியது. காலையில் ஏறிப்போகும், மறுபடி ஏறிப்போகும், இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை. மலைக்காரர்கள் இதை ஒரு பேச்சாகப் பேசினார்களே தவிர, பெரிதாக ஒன்றும் வியக்கவில்லை. மழையும்தான் எப்போதும் இறங்குகிறது, ஏறி யார் பார்த்தார்கள் என்றார் பிலோமினா. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது சட்டம். இந்தக் கார் எப்போதும் ஏறுகிற வண்டி, ஆகவே எல்லோரும் எப்போதும் வழிவிட்டார்கள். சிவப்பு மூக்கு வளைவில் தெரிந்ததும் அரசுப் பேருந்து ஓரங்கட்டி நிற்கும். பேருந்தின் கண்டக்டர் யூசுப் படியிலிருந்து, "போங்க, போங்க, உங்களுக்குத்தான் மலை" என்று கைகாட்டுவார். ரேடியேட்டருக்காக ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒரு குடம் தண்ணீர் எடுத்துவைத்தார்கள். கருங்குரங்குகள் பின்பக்கத்து ஸ்டெப்னிமேல் ஏறி உச்சிவரை சவாரி போய், நடந்து இறங்கி வந்து, மறுபடி வரிசையில் உட்கார்ந்தன. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முதல்முறை கார் ஏறும் சத்தம் கேட்டால் பிரேயர், அடுத்தமுறை கேட்டால் சாப்பாட்டு மணி என்று ஆனது.

பிறகு கீழ்வளைவுக்காரர்கள் அதில் சாமான் ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். எப்படியும் மேலேதானே போகிறது. பலாப்பழம் போனது, தேங்காய் போனது, முகட்டூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு முறுக்கு போனது, நறுமுகையின் மடியிலும் காலடியிலும் பொட்டலங்கள் குவிந்தன. முகட்டூரில் தேங்காய் மலிந்தது. ஆனால் எதுவும் திரும்பி இறங்கவில்லை, சீர் முறுக்கின் காலித்தூக்குகூட இறங்கவில்லை. வாங்கத் தெரிகிறது, கொடுக்கத் தெரியவில்லை என்று கீழ்வளைவில் பேச்சு எழுந்தது. அனுப்பச் சொல்லி யார் கேட்டார்கள் என்று மேல்வளைவில் பதில் எழுந்தது. இரண்டு பேச்சும் நறுமுகையிடம்தான் வந்து சேர்ந்தன: மேலே போனதும் இப்படிச் சொல்லு பாப்பா என்று கீழே இருந்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள், மேலே இருந்தவர்கள் பதில் சொல்லி அனுப்பினார்கள். அவள் பழக்கப்படி கோபத்தை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் சொன்னாள். அதனால் சண்டை முற்றவுமில்லை, தீரவுமில்லை. கடைசியில் முகட்டூர்க்காரர்கள் காலிக் கூடைகளையும் தூக்குகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்ப, யூசுப் கூடைக்குக் கூடை டிக்கெட் கேட்டுத் தொண்டை கட்டிக்கொண்டார்.

நடுவில் இருந்த இருவருக்கும் அது ஒரு நீண்ட கனவுபோல இருந்தது. சாலை முன்னால் எழுந்துகொண்டே இருந்தது, மேகம் மடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது, தேயிலை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசனையானது. பசித்தால் யாராவது கொடுத்தார்கள், தூக்கம் வந்தால் துணிக்கூரையை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குளிர் கொஞ்சம் கூடியது, எஞ்சின் கொஞ்சம் அதிகமாக இருமியது. ஞாயிறு எப்போதோ போய்விட்டது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள் என்று நறுமுகை நினைத்துக்கொண்டாள். டேஷ்போர்டின் குழியில் எலுமிச்சை வாடாமல் உருண்டுகொண்டிருந்தது.

கமலவேணி வாசலில் நிற்கவில்லை. கார் மேலே எங்கோ பழுதாகி நிற்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர், யூசுப் சொல்லித் தெரிந்துகொண்டதும் நேராகப் பாவாத்தாளிடம் போனார். முனிக்கு அதே எலுமிச்சைதான் வேண்டும், புதிது செல்லாது, வீட்டு ஆள் யார் கொண்டுவந்து வைத்தாலும் போதும் என்று பாவாத்தாள் சொன்னார். கமலவேணி அடுத்த பேருந்தில் ஏறி, பிலோமினாவின் கடை வாசலில் இறங்கி, ரேடியேட்டர் கொதிக்கிற இடத்தில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

கார் வந்தது. கொதித்தது. நின்றது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். நறுமுகை ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கமலவேணி அவள் தலையைத் தடவினார், ஜுரம் இருக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தே சொன்னார்:

"உங்கப்பாவைக் கேளு கண்ணு, ரெண்டாவது எலுமிச்சை எங்கேன்னு."

"ரெண்டாவது எலுமிச்சை எங்கேப்பா?"

"டேஷ்போர்டுல இருக்குன்னு சொல்லு."

கீழே இறங்குகிற பேருந்தும் அதற்குள் வந்து வழிவிட்டு நின்றிருந்தது. சன்னலோரத் தலைகளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின.

"ஏன் வெக்கலைன்னு கேளு."

நறுமுகை வாயைத் திறப்பதற்குள் அறவாழி, "எஞ்சினை நிறுத்தினா மறுபடி புடிக்காதுன்னு சொல்லு" என்றார்.

கமலவேணிக்கு மகள் நடுவில் நிற்பது மறந்துபோயிற்று. "யாருகிட்டச் சொல்றீங்க? சோக்கைப் பாதி இழுத்தா மொத அடியிலயே புடிக்கும். அந்தச் சோக்குக்குக் கம்பி கட்டினது யாரு, நானா, பிலோமினாக்காவா?"

பிலோமினா தன்னை இதில் இழுக்கவேண்டாம் என்பதுபோல் டீ வடிகட்டியைத் தட்டினார். ரேடியேட்டர் சீறி அடங்கியது. ஒரு வருஷத்தில் அம்மா அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. நறுமுகை அசையாமல் நின்றாள்.

அறவாழி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இறங்கினா ஞாயித்துக்கிழமை வந்துருமேன்னு இருந்துச்சு வேணி. புள்ளையை உன் வாசல்ல விட்டுட்டு, செருப்பைக்கூடக் கழட்டாம திரும்பி வரணும்."

யூசுப் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊதாமல் எடுத்தார். கமலவேணி காரின் முன்பக்கத்தைத் திறந்து பம்பைத் தொட்டு, துணி காய்ந்து கிடக்கிறதே, இப்படியா ஓட்டுவது என்றார். குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்து அவரே சுற்றினார். மகளின் பையை எடுத்து அவள் தோளில் மாட்டி, டேஷ்போர்டிலிருந்து எலுமிச்சையை எடுத்து அவள் கையில், "புடி" என்று வைத்தார். எலுமிச்சையோடு தானும் மகளும் பேருந்தில் இறங்குவது, முனியின் காலடியில் வைப்பது, பின்னாலேயே கார் இறங்கி வருவது என்பது ஏற்பாடு.

ஆனால் காருக்குப் பின்னால் தேயிலை லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. கல்லை எடுக்க ஓர் ஆள் வேண்டும். எடுக்கும்போது பின்னால் உருளாமல் பிரேக்கை மிதித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அறவாழி கல்லுக்குக் குனிந்தார். கமலவேணி மகளுடைய இருக்கையில் ஏறி, குறுக்கே காலை நீட்டிப் பிரேக்கை மிதித்து, சோக்கைப் பாதி இழுத்தார். எஞ்சின் முதல் அடியிலேயே பிடித்தது. அறவாழி ஓடிவந்து தன் பக்கத்தில் ஏறினார்.

அந்தக் காரின் இடதுபக்கக் கதவு சும்மா தள்ளினால் மூடிக்கொள்ளாது. கொஞ்சம் தூக்கித் தள்ளவேண்டும். அது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இருவர் உள்ளே இருந்தார்கள். நறுமுகை கதவைத் தூக்கித் தள்ளிச் சாத்தினாள்.

ஏற்றத்தில் நகர்ந்த காரை அடுத்த வளைவு வரும்வரை நிறுத்த முடியாது. லாரி பின்னாலேயே போனது. வளைவில் திரும்பும்போது கமலவேணியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது: "எறங்கினதும் வெச்சுரு கண்ணு. நான் வர்ற வரைக்கும் சித்தி வீட்டுல இரு."

பேருந்தில் யூசுப் அவளுக்குச் சன்னலோரம் கொடுத்தார், டிக்கெட் கேட்கவில்லை. காலிக் கூடைகளுக்கு நடுவே எலுமிச்சையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் வளைவுக்கு வளைவு இறங்கினாள். துடைத்த இடம் கோலமாகி, கோலம் ஊராகி, காது அடைத்துத் திறந்து, கடைசியில் மலைவேம்பின் நிழல் வந்தது.

பாவாத்தாள் அவளுக்காக முனியின் காலடியைப் பெருக்கி வைத்திருந்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து காரின் வண்டுச் சத்தம் கேட்டது, அது இரண்டாம் வளைவுக்கு வந்து ஏறத் தொடங்கும்போது சத்தத்தோடு பேச்சும் கேட்டது. கியரை மாற்றச் சொல்லி அம்மாவின் குரல். தனக்குத் தெரியும் என்று அப்பாவின் குரல். பிறகு கேஸ் சிலிண்டர், அப்புறம் போன தீபாவளி, அப்புறம் யாருடைய அண்ணன் யாரை என்ன சொன்னார் என்பது, அவள் இந்த ஒரு வருஷத்தில் தெருவில் இறக்கிவைத்ததெல்லாம் ஒன்றுவிடாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை அம்மா சிரித்ததுபோலவும் இருந்தது, அது எஞ்சின் இருமியதாகவும் இருக்கலாம்.

"வெக்கறயா அம்மிணி?" என்றார் பாவாத்தாள்.

"நாளைக்கு வெச்சாலும் செல்லுமுங்களா?"

"எப்ப வெச்சாலும் செல்லும். ஆனா வெக்கற வரைக்கும் அவங்க ஏறிக்கிட்டேதான் இருப்பாங்க."

"குளிருமுங்களா?"

"குளிரத்தான் குளிரும். ரெண்டு பேரு இருக்காங்கல்ல."

நறுமுகை கார் இன்னொரு முறை ஏறிப்போகும்வரை நின்று கேட்டாள். பிறகு எலுமிச்சையைத் தன் பையின் முன்பக்கத்தில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். சித்தி வீட்டுக்கு நடந்து போனாள்.